ஒன்பதாவது கட்டம்

கந்தோரில் தந்த படிவத்தில் பதினான்கு கட்டம்.
நீளம், அகலம், கூரைவகை, வெடிப்பு,
இடிக்கலாமா, இருக்கலாமா.
ஒன்பதாவது கட்டம்: பாணி.

உவர்மலைச் சரிவில்
பண்டகக் காப்பாளர் குடியிருந்த பங்களா.
அளவு நாடாவின் ஒரு நுனி என்னிடம்,
மறு நுனி மர்சூக்கிடம்.
நடுவில் தொய்ந்த இடத்தில்
ஒரு காகம் உட்காரப் பார்த்தது.

முதலில் கட்டியவன் நேர்கோட்டுப் பிரியன்.
கதவுக்கு இடப்புறம் மூன்று யன்னல்,
வலப்புறம் மூன்று.
வலக்கடைசி யன்னலுக்குப் பின்னே அறையில்லை,
வெறும் சுவர்.
சமன் குலையக் கூடாதென்று
சும்மா ஒரு சட்டம், சும்மா நாலு பலகை.
ஜோர்ஜ் மன்னர்கள் காலத்து ஒழுங்கு, என்றேன்.
"கண்ணாடி பார்த்து மீசை வெட்டினவன் மாதிரி"
என்றான் மர்சூக்.

மேலே தூக்கித் திறக்கிற யன்னல்கள்.
லண்டனில் வழுக்கி ஏறியிருக்கும்.
இங்கே முதல் வாடைக்கே மரம் ஊதி
பாதியில் இறுகி நின்றிருக்கும்.
பிறகு வந்தவன் பிணைச்சல் போட்டு
வெளிப்பக்கம் திறக்க வைத்திருக்கிறான்.
ஆணித் துளைகள் சாட்சி.

இவன் மகாராணி காலத்தவன், பக்திமான்.
கிழக்கே ஓர் இறக்கை நீட்டி
வளைவுகளைக் கூராக்கினான்,
கை குவித்த மாதிரி.
என்ன தொழுகை நடந்ததென்று உள்ளே போனால்
சாராயப் போத்தல் அடுக்கிய மாடங்கள்.

விறாந்தைத் தூண்கள் வார்ப்பிரும்பு.
அடியில் கொட்டை எழுத்தில் கிளாஸ்கோ.
உச்சியில் இரும்பு இலைகள்,
இந்தக் கரையில் எந்த மரமும் தளிர்க்காத இலை.
உப்புக்காற்றுத் தின்று தின்று
பழுத்த வேப்பிலை நிறத்துக்கு வந்துவிட்டன.

முகப்பில் அரைவட்ட வாசல்,
கப்பலின் மேல்தட்டுப் போல,
மூன்று கோடு இழுத்த சீமெந்து.
முப்பதுகளின் மோஸ்தர்.
துறைமுகத்தைப் பார்த்துப் பார்த்து
வீடும் புறப்பட நினைத்த வயசு.

நாற்பத்திரண்டு சித்திரையில் குண்டு விழுந்தது.
அதற்குப் பிறகு இங்கே யாரும்
அழகுக்குக் கல் வைக்கவில்லை.
பின்வளவில் மூன்றடித் தடிப்பில் கொங்கிறீற் பெட்டி.
அதற்குள் ஒரு புள்ளிமான், குட்டியோடு.
எங்களைப் பார்த்தும் எழும்பவில்லை.

வரவேற்பறை நடுச்சுவரில் கணப்படுப்பு.
கச்சான் காற்று வெக்கையில்
சட்டை முதுகோடு ஒட்ட அதன்முன் நின்றோம்.
சலவைக்கல் விளிம்பு, திராட்சைக் கொத்து.
மர்சூக் கைவிட்டுத் தடவினான்.
"கரி இல்லை."
டோர்ச் அடித்தேன். மேலே துவாரமும் இல்லை.
கூரையேறிப் பார்த்தால்
புகைபோக்கி முழுக்கச் செங்கல், கெட்டியாக.
கப்பலில் வருகிறவன் கண்ணுக்கு
வீடென்று தெரிவதற்காக இருக்கும்.

வரைபடத்தில் இல்லாததை
கூரையிலிருந்துதான் கண்டேன்:
கிணற்றுக்கு அப்பால் தனியே ஓர் ஓட்டுக் கொட்டில்.
குசினி.
பங்களாவிலிருந்து நாற்பத்தேழு அடி.
வளைவில்லை, தூணில்லை,
உண்மையில் புகை இருந்த இடத்தில்
புகைபோக்கியும் இல்லை.
நாலு சுவரும் உள்ளே கன்னங்கரேலென்று.
முன்வீட்டில் யன்னலும் வாசலும் மாறிக்கொண்டிருக்க
இங்கே அடுப்பு அதே மூலையில்.
யார் யார் நின்று இருமினார்களோ.
கதவு நிலையில் கத்தியால் கீறிய கோடுகள்,
ஐந்தைந்தாய்.
முட்டைக் கணக்கோ, நாள் கணக்கோ.

யன்னல், குசினி, விறாந்தை
போர்த்துக்கீசன் விட்டுப்போன சொல்.
கந்தோர் ஒல்லாந்தனுடையது.
பங்களா, இவனே வங்காளத்தில் எடுத்தது.
இங்கிலீஷ்காரன் வீட்டை
அவனுக்கு முந்தினவர்களின் வாயால்
அளந்துகொண்டிருக்கிறோம்.

மர்சூக் நாடாவைச் சுருட்டினான்.
"ஒன்பதாவதுக்கு என்ன எழுதப் போறீங்க, மிஸ்?"

பேனை திறக்கப் படிவத்தைப் பிடித்தேன்.
பெருவிரல் முந்திவிட்டது.
கறுப்பாக, தெளிவாக, ரேகையோடு,
கட்டத்துக்குச் சற்று வெளியே.
துடைத்தேன். எட்டாவதுக்கும் பரவியது.

வேறு படிவம் தரமாட்டார்கள்.
கட்டடத்துக்கு ஒன்றுதான்.